கண்காணி

இன்ன உத்தியோகம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியாத உத்தியோகங்கள் சில உண்டு. அப்படிப்பட்ட ஒன்றிலே என் ஆயுளின் நல்ல பாகம் கழிந்தது. நகரத்தின் கழிவுநீரை ஏற்று, அதைச் சுத்தி செய்து, ஆற்றிலே விடுகிற பொது நிறுவனம் ஒன்றில், தொழிலாளரின் பாதுகாப்பைக் கவனிக்கும் பிரிவிலே நான் இருந்தேன். ஒரு தைப்பொங்கலுக்கு இலங்கை மலைநாட்டிலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தபோது, டிக்கோயாப் பக்கத்துத் தொழிலாளர் லயத்தின் வாசலில், பனிக்குக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு குந்தியிருந்த என் தாய்மாமன் கேட்டார்:

"மருமவனே, அங்க ஒனக்கு என்னா வேல?"

"கக்கூஸ் குழிக்குள்ள ஆள் எறங்குறப்ப வெளிய நிக்கிற வேல மாமா."

"எறங்குறது யாரு?"

"அதுக்கு வேற ஆளு."

"அப்ப நீ சும்மா நிக்கிறதுக்கா சம்பளம்?" என்று சற்று யோசித்துவிட்டு, வாயிலிருந்த வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, "கங்காணி வேலன்னு சொல்லு" என்றார்.

லயத்து வாசலே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் என்னோடு கோச்சி ஏறி நகரத்துக்கு வந்து, பிறகு எத்தனையோ குழிகளின் விளிம்பிலே என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. கண்ணால் காண்பவன் கண்காணி; பேச்சிலே அது கங்காணி. தமிழிலே அதற்கு இருந்த அர்த்தம் நிர்மலமானது. அதை மலைநாட்டிலே கொண்டுவந்து, ஆட்களைக் கூட்டி வருபவனுக்கும், அவர்களுடைய கடனை எழுதிக்கொள்பவனுக்கும், கொழுந்து நிரையின் பின்னால் நின்று கை ஓய்கிறதா என்று பார்ப்பவனுக்கும் பட்டமாகச் சூட்டிய பிறகு, அந்தச் சொல்லின் முகமே விகாரமாகிவிட்டது. ஒரு ஜனசமூகம் முழுவதும் தலைமுறை தலைமுறையாகக் கண்காணிக்கப்பட்டு வந்திருக்கிறது; அதன் உயிருக்காக யாராவது கண்காணித்தார்களா என்பதுதான் மாமாவின் பரிகாசம் எனக்குள் எழுப்பிவிட்ட கேள்வி.

என் வேலையின் சங்கதியைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நிலத்துக்குக் கீழே மூடிக் கிடக்கிற மலக்குழியிலும், சாக்கடைக் குழாயிலும், நீரேற்று நிலையத்தின் கிணற்றிலும் அழுகிக்கொண்டிருக்கும் பொருளிலிருந்து பல வாயுக்கள் பிறக்கின்றன. அவற்றுள் தீப்பற்றக்கூடிய மெதேன் ஒன்று. அதைவிடக் கொடியது ஐதரசன் சல்பைட்டு என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோமே, அழுகின முட்டை நாற்றமடிக்கும் அந்த வாயு. காற்றைவிடச் சற்றுக் கனமானதாகையால் குழியின் அடியிலே தங்கி, யாராவது காலால் சேற்றைக் கலக்கும்வரை சாதுவைப்போலக் கிடக்கும். அதன் கபடம் நாற்றத்திலே இருக்கிறது. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக அது கலந்திருக்கும்போதே மூக்கு அதைக் கண்டுகொண்டு முகத்தைச் சுளிக்கிறது. நூறு பங்கை எட்டியதும் சில நிமிஷங்களுக்குள் மூக்கின் உணர்ச்சியே மரத்துப்போய்விடுகிறது. நாற்றம் ஒழிந்தது, காற்றுச் சுத்தமாகிவிட்டது என்று உள்ளே நிற்பவன் நிம்மதியாக மூச்சை இழுக்கிற அந்த க்ஷணமே அவனுடைய அபாயத்தின் உச்சம். எழுநூறு, ஆயிரம் என்று அளவு ஏறிவிட்டால் இரண்டொரு மூச்சோடு காரியம் முடிந்துவிடும். கூப்பிடுவதற்குக்கூட அவகாசம் இராது.

பிரமாணங்களிலே பிரத்தியட்சத்தை முதலாவதாக வைத்த நம் தர்க்க சாஸ்திரிகள், இப்படி இந்திரியமே சாட்சியாக வந்து பொய் சொல்லும் ஓரிடத்தைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் வேடிக்கையாக நினைத்துப் பார்த்ததுண்டு. மூக்கை நம்பாதே என்பதுதான் எங்கள் பிரிவின் முதற் பாடம். உள்ளங்கையளவான ஒரு மீட்டரைக் கயிற்றிலே கட்டி, மேலே, நடுவிலே, அடியிலே என்று மூன்று இடங்களில் நிறுத்தி, ஒட்சிசன் சாதாரணமாக இருக்க வேண்டிய 20.9 சதவீதத்திலிருந்து 19.5க்குக் கீழே இறங்கியிருக்கிறதா, விஷவாயு இருக்கிறதா என்று பார்த்து, பத்திரத்தில் நேரத்தோடு எழுதிக் கையெழுத்திட்ட பிறகே ஆள் இறங்கலாம். குழியின் வாயில் முக்காலி, முக்காலியிலே கப்பி, கப்பியிலே கயிறு, கயிற்றின் நுனியிலே உடம்பை அணைத்த வார். இத்தனைக்கும் பிறகு, வெளியே ஓர் ஆள். அவன் இறங்கக்கூடாது, அகலக்கூடாது, வேறு வேலை பார்க்கக்கூடாது, பீடிக்குக்கூடப் போகக்கூடாது. அந்த ஆளைப் பழக்குவதும், பல நாட்களில் அந்த ஆளாக நிற்பதும் என் ஜீவனோபாயமாக இருந்தது.

மலக்குழிக்குப் பக்கத்தில் நின்று, உள்ளே இருப்பவனைக் கவனித்த முதல் படிப்பாளி என்று நான் நினைத்துக்கொண்டிருப்பது இத்தாலிய வைத்தியர் பெர்னார்தினோ ரமாத்சினி என்பவரை. மொதேனா நகரத்திலே அவர் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஒருவன் மூச்சுவிடாமல் அவசர அவசரமாக வாரிக்கொண்டிருக்கக் கண்டு, ஏனப்பா இத்தனை பதற்றம், சற்று ஆறிச் செய்யலாகாதா என்று அவர் கேட்டாராம். அவன் கலங்கிச் சிவந்த கண்களை உயர்த்தி, இங்கே நாலு மணி நேரத்துக்குமேல் நிற்பது இன்னது என்று அனுபவித்தவனுக்கே தெரியும், கண் குருடாவதற்கு ஒப்பானது என்ற கருத்தில் பதில் சொன்னான். அந்தப் பதிலைக் கேட்டபின் அவர், அவனைப் போன்றவர்களின் கண்களையெல்லாம் பரிசோதித்து, தெருவிலே பிச்சையெடுக்கும் குருடர் சிலர் முன்பு இந்தத் தொழில் செய்தவர்களே என்று கண்டு, தொழிலாளரின் வியாதிகளைப் பற்றி உலகத்தின் முதல் பெரும் நூலை 1700இல் எழுதி வெளியிட்டார். ஒரு சாஸ்திரத்துக்கு வித்து, குழியிலிருப்பவனிடம் ஒருவர் நின்று ஒரு வார்த்தை பேசியதுதான்.

எங்கள் தோட்டத்திலே அப்படி யாரும் நின்று பேசவில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது லயங்களின் கானையும் கக்கூஸையும் துப்புரவு செய்ய ஒருவர் இருந்தார். அந்த வேலைக்குத் தோட்டத்தார் வைத்த பெயர் வாசக்கூட்டி. வாசல் கூட்டுபவர் என்று அர்த்தம். ஆனால் கூட்டியது வாசலை மாத்திரமல்ல என்பது எல்லாருக்கும் தெரியும், தெரிந்தே அந்த இங்கிதமான பெயரை வைத்திருந்தார்கள். கக்கூஸ் என்பதும் அந்நியச் சொல்தானே. இலங்கையின் கரையோரத்தை நூற்று முப்பது வருஷங்களுக்கு மேலாக ஆண்ட ஒல்லாந்தரின் பாஷையிலிருந்து வந்து, தமிழ்நாடு வரைக்கும் பரவிவிட்ட சொல். அசுத்தமான பொருளுக்குத்தான் ஜனங்கள் எத்தனை பாஷைகளிலே போய்க் கடன் வாங்குகிறார்கள்! அவருக்கென்று ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. காலையிலே ஆட்களைக் கூட்டும் பெரட்டுத் தப்பு அடிப்பதற்கு முன்பே, பனி விலகாத அந்த இருட்டிலே, ஒரு வாளியும் மண்வெட்டியும் சுண்ணாம்புத் தகரமுமாக அவர் போவார். நாங்கள் எழுந்து முகம் கழுவப் பீலிக்கரைக்குப் போகும்போது சுண்ணாம்பின் வெள்ளைதான் இருக்கும், அவர் இருக்கமாட்டார். கொழுந்து மலைக்கு ஒரு கங்காணி, கவ்வாத்துக்கு ஒரு கங்காணி, கான் வெட்டுக்கு ஒரு கங்காணி. குழிக்கு மாத்திரம் கங்காணி கிடையாது. அவர் வேலையை நின்று பார்க்க யாருக்கும் மனமில்லை. அவர் உள்ளே விழுந்திருந்தால், பெரட்டுக்களத்திலே பெயர் வாசிக்கும்வரை யாருக்கும் தெரிந்திராது.

அந்த வேலைக்கு இந்தச் சாதியார்தான் என்று ஒரு விதி எங்கள் முன்னோர் ஏறி வந்த கப்பலோடு கூடவே வந்திருந்தது. தோட்டங்களில் மாத்திரமல்ல, கண்டி மாநகர சபையின் துப்புரவுத் தொழிலுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து தருவிக்கப்பட்டவர்களின் சந்ததியார் இன்றும் மஹியாவையிலே வாழ்கிறார்கள். சாதியினால் ஏற்பட்ட தூரத்தை எல்லாரும் அவமானத்தின் பாஷையிலேயே பேசுகிறோம், அது நியாயந்தான். என் தொழிலிலிருந்து பார்க்கும்போது அதே தூரம் ஒரு கொலைக் கருவியாகவும் தெரிகிறது. குழிக்கு ஐந்தடி தூரத்தில் ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் உள்ளே இருப்பவன் பிழைப்பான். ஐம்பதடி தூரத்தில் ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றால் அவன் சாவான். இரண்டு தரப்பாருமே உள்ளே இறங்குவதில்லை என்பது உண்மை. பார்வைக்கு இரண்டும் நிற்பதுதான்.

தோட்டங்களிலே மலத்தைப் பற்றி அதிகாரிகள் சிந்தித்தே இல்லையென்று சொல்லமாட்டேன். முதலாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தார் இங்கே வந்து, தோட்டத் தொழிலாளரின் வயிற்றிலிருந்த கொக்கிப்புழுவை ஒழிக்கப் பெரியதோர் இயக்கம் நடத்தினார்கள். மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றினால், வெறுங்காலோடு நடக்கிற மண்ணிலிருந்து அது திரும்பவும் காலேறி உடம்புக்குள் புகுந்துவிடுகிறது. ஆகவே கக்கூஸ் கட்டாமல் வியாதி தீராது என்று அவர்கள் எடுத்துச் சொல்ல, செலவைக் கண்டு தோட்டத்துரைமார் பலர் தயங்கினார்கள். அந்த வாதப்பிரதிவாதங்களில் ரத்தசோகையால் எத்தனை நாள் வேலை நஷ்டம் என்பது பேசப்பட்டது. கட்டிய கக்கூஸை நாளைக்குச் சுத்தம் செய்கிறவன் என்ன ஆவான் என்பது கணக்கிலேயே வரவில்லை.

சட்டம் இருந்தது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பிரித்தானியாவின் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றியது. விஷவாயு தங்கக்கூடிய தொட்டிக்குள் மனிதன் இறங்குவதானால் இடுப்பிலே வாரும் வாரிலே கயிறும் கட்டியிருக்க வேண்டும், அவனை இழுத்தெடுக்க வல்ல ஒருவன் வெளியே காவல் நிற்க வேண்டும் என்பது அந்த மரபிலே வந்த விதி. படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏனெனில், கண்காணி என்ற சொல்லை அதன் ஆதி அர்த்தத்திலே சட்டமே மீட்டுக் கொடுத்திருப்பதாகத் தோன்றிற்று. ஆனால் தொழிற்சாலைக்கென்று எழுதிய சட்டத்துக்குத் தொழிற்சாலைதானே எல்லை. தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரின் இயந்திரப் பட்டிக்குக் கம்பி வலை போட்டிருக்கிறதா என்று பார்க்க உத்தியோகத்தர் வருவார். ஸ்டோருக்கு அரை மைல் மேலே, லயத்தின் பின்னால், பாசி பிடித்த பலகை மூடிய குழியை எந்த உத்தியோகத்தரும் எட்டிப் பார்த்து நான் கண்டதில்லை.

பொது நிறுவனமும் தோட்டத்தின் எல்லைக்கல்லோடு நின்றுவிட்டது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்கீழ், கம்பெனித் தோட்டங்களுக்குள்ளே பிரதேச சபை தன் பணத்தைச் செலவிட வழியில்லாதிருந்தது. தோட்டத்து ஜனங்கள் சபைக்கு வாக்களித்தார்கள், அவர்களிலிருந்தே உறுப்பினர் தெரிவானார்கள். அந்த உறுப்பினர் தம் சொந்த லயத்துக் கானுக்கு ஒரு மூட்டை சீமெந்து வாங்கிக் கொடுக்கச் சபையால் முடியாது. 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. இத்தனைக்கும், எங்கள் தோட்டத்தின் மலம் எங்கள் தோட்டத்தோடு நின்றுவிடுகிறதா? ஹட்டன் ஊர் நீர் பிரிமேட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. கோச்சி சிங்கமலைச் சுரங்கத்துக்குள் புகுந்து வெளிப்படும் அந்த மலைமுகட்டுக்கு இப்பால், டிக்கோயாப் பக்கம் பெய்யும் மழை காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, கெஹெல்கமு ஓயாவாகி, மஸ்கெலி ஓயாவோடு கலந்து களனி கங்கையாகிறது. அம்பத்தலையிலே அந்தக் கங்கையை அள்ளித்தான் கொழும்பு குடிக்கிறது. அப்பால், கொட்டகலைப் பக்கம் விழும் துளி கொத்மலை ஓயா வழியே மகாவலியைச் சேர்ந்து கண்டியைத் தொட்டுப் போகிறது. கண்டி நகரத்தின் அசுத்தம் மெத எலவிலே இறங்கி மகாவலியைக் கெடுக்காதபடி ஜப்பானியக் கடனுதவியோடு கன்னொருவையிலே சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. நல்ல காரியம். அதற்கு மேலே, நதியின் தலைமாட்டிலே, எத்தனை ஆயிரம் லயக்குழிகள்!

என் தொழிலின் மிகக் கடினமான பாகத்தை இன்னும் சொல்லவில்லை. 1986இல் அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்று வெளியிட்ட எச்சரிக்கையிலே, இப்படி அடைபட்ட இடங்களில் மாண்டவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் மற்றொருவரைக் காப்பாற்றப் போனவர்கள் என்று கண்டிருக்கிறது. அமெரிக்காவுக்குப் போவானேன்? 2018 ஏப்ரலில் ஹொரணைக்கு அருகே பெல்லப்பிட்டியவில், இறப்பர் தொழிற்சாலை ஒன்றின் அமோனியாத் தொட்டியிலே விழுந்த ஒருவரை எடுக்க மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் போக, மொத்தம் ஐந்து பேர் பிரேதமானார்கள். மனுஷ சுபாவத்தின் மேலான குணம் எதுவோ, அதுவே இங்கே ஆளைக் கொல்கிறது. ஆகவே நான் போதித்த பாடம் என்னவென்று எண்ணிப் பாருங்கள்: உன் கூட்டாளி உன் கண்ணெதிரே சுருண்டு விழும்போது, நீ குதிக்காதே, கயிற்றை இழு, ஆளைக் கூப்பிடு, மூச்சுக்கருவி வரும்வரை நில்.

ஒரு வகுப்பிலே பண்டாரவளைப் பக்கத்திலிருந்து வந்த இளைஞன் ஒருவன் எழுந்து நின்றான். "சேர், உள்ள விழுந்து கெடக்கிறது என் கூடப்பொறந்த அண்ணன்னா?" என்று கேட்டான். வகுப்பு நிசப்தமாயிற்று. அவனுடைய ஊருக்குக் கிட்டத்தான் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, அந்த மண்ணை மண்வெட்டியாலும் கையாலும் தோண்டப் பக்கத்துத் தோட்டத்து ஜனங்கள் ஓடிய ஓட்டத்தை அவன் கண்டிருப்பான். மண் சரிந்தால் ஓடிப்போய்த் தோண்டுவதே எங்கள் மலையின் தர்மம். பெரியவர் சிறியவர் என்று பாராமல் எல்லாரும் அதிலே பழகியவர்கள். அந்தத் தர்மத்தை இந்த ஒரு குழியின் விளிம்பிலே மாத்திரம் கழற்றி வைத்துவிடு என்று அவனிடம் எப்படிச் சொல்வது? கயிறு கட்டாமல் உன் அண்ணனை இறங்க விட்டாயானால் அப்போதே நீ அவனைக் கைவிட்டுவிட்டாய், குதிப்பதனால் அது சரியாகாது என்றேன். அவன் உட்கார்ந்தான். சமாதானமடைந்தான் என்று சொல்லமாட்டேன்.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் இதே விசாரந்தான். இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் சட்டம் மனிதனைச் சாக்கடைக்குள் பாதுகாப்பில்லாமல் இறக்குவதைக் குற்றமாக்கிற்று. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்றது. 2023 ஒக்டோபரில் அதையே முப்பது லட்சமாக உயர்த்திற்று. பிரேதத்தின் விலை ஏறிக்கொண்டு போகிறது. கயிறும் மீட்டரும் அதைவிட எத்தனையோ மலிவு. கேரளத்திலே குழிக்குள் இறங்க இயந்திர மனிதனைச் செய்துவிட்டார்கள். அது எங்கள் மலையேறி வரட்டும், பூரண கும்பம் வைத்து வரவேற்கலாம். நிற்க.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுத் தோட்டத்துக்கு வந்தபின் ஒருநாள், எங்கள் லயத்துக்கே மலக்குழியை உறிஞ்சும் பிரதேச சபையின் கலி பவுசர் வந்தது. என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. ரோட்டிலே பவுசர் நின்றுவிட்டது. தேயிலைக்கு நடுவே ஏறுகிற ஒற்றையடிப் பாதையிலே குழாயைத் தோள்மேல் போட்டு இழுத்து வந்து குழிக்குள் விட்டார்கள். தெளிந்த நீரெல்லாம் ஏறிற்று. அடிச்சேறு பாறைபோல இறுகிக் குழாய்வாயை அடைத்துக்கொண்டது. ஆள் இறங்காமல் தீராது என்றார் அந்தத் தொழிலாளி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டே. நான் அவரைத் தடுத்து, நகரத்திலே எனக்குப் பழக்கமான ஓரிடத்தில் முக்காலியும் மீட்டரும் இரவல் கேட்டு, மறுநாள் வரவழைத்தேன். பலகையைத் திறந்து வெகுநேரம் காற்றை ஊதி, மூன்று மட்டத்திலும் மீட்டரை இறக்கிப் பார்த்து, வாரைப் பூட்டி, அவர் இறங்க, நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விளிம்பிலே நின்றேன். நிமிஷத்துக்கு ஒரு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். உள்ளேயிருந்து பதில் வர வேண்டும். பதில் வராவிட்டால் இழுக்க வேண்டும். அது எங்கள் சம்பிரதாயம்.

பள்ளிக்கூடம் இல்லாத நாள். லயத்துப் பிள்ளைகள் மேட்டிலே, தேயிலைச் செடிகளுக்கிடையில் வரிசையாகக் குந்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தார்கள். நான் கூப்பிடுவதையும், குழிக்குள்ளிருந்து "இருக்கேன்" என்று முழங்கி வருவதையும் ஏழெட்டுத் தரம் கேட்டதும் அவர்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது. பதில் சொல்ல அவருக்குச் சற்றுத் தாமதமான ஒரு தடவை, நான் வாய் திறப்பதற்கு முன்பே, ஒரு சின்னப்பெண் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, "மாமா, இருக்கீங்களா?" என்று கூவினாள். உடனே மேடு முழுவதும் கூவிற்று.

"இருக்கேன், இருக்கேன். கத்தாதீங்க புள்ளைங்களா, காது அடைக்குது" என்றது குழி.